நாலணா போட்டால் பாட்டு: வீட்டில் கட்டிய ஜூக்பாக்ஸ்

பெட்டி பாதி கட்டி நின்ற நாட்களில் என் அம்மா அதைக் கோழிக்கூண்டு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்தடி உயரம், இரண்டரை அடி அகலம், மேலே அரைவட்ட வளைவு, முன்பக்கம் வெறும் சட்டம். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆசாரத்தில், அதாவது வீட்டுக் கூடத்தில், வடக்குச் சுவரோரம் எட்டு மாதம் அப்படியே நின்றது. இப்போது அதில் நாலணாக் காசு, அதாவது 25 பைசா, போட்டால் பாட்டுப் பாடுகிறது. நடுவில் என்னென்ன கெட்டது, எதை எப்படிச் சரிசெய்தேன் என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக். வீடு அவிநாசிப் பக்கம். ஓவர்லாக் மெஷினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுகிற கைக்கு மரவேலை தன்னால் வந்துவிடும் என்று நினைத்தேன். முதல் தப்பு அதுதான்.

நகலெடுத்தது வுர்லிட்சர் 1015 என்ற அமெரிக்க ஜூக்பாக்ஸ் மாடல். 1946இல் வந்தது, பால் ஃபுல்லர் என்பவர் வடிவமைத்தது. ஜூக்பாக்ஸ் என்றதும் மனசில் வருகிற வளைந்த தலை, இரண்டு ஓரமும் நிறம் மாறும் தூண், குமிழி ஏறும் குழாய் எல்லாம் இந்தப் பெட்டியுடைய அடையாளம்தான். 56,000க்கும் மேல் விற்றது. உள்ளே 78 சுற்று (நிமிடத்துக்கு 78 முறை சுற்றுகிற) இசைத்தட்டுகள் 24 இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் மட்டும்தான் பாடும், ஆக 24 பாட்டு. தட்டு ஒவ்வொன்றும் தனித்தனித் தாம்பாளத்தில் உட்கார்ந்திருக்கும். காசு போட்டுப் பொத்தானை அமுக்கினால் அந்தத் தாம்பாளம் மட்டும் வெளியே நகர்ந்து வரும்; கீழேயிருந்து சுழல்மேடை ஏறி வந்து தட்டைத் தூக்கி ஊசியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். இதையெல்லாம் ஜனங்கள் கண்ணாடி வழியே நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார்கள்.

அந்த இயந்திரத்தையும் செய்துவிட ஆசைதான். ஒரு மாதம் பேப்பரில் வரைந்து பார்த்தேன். கேம், லீவர், 24 தாம்பாளம், அப்புறம் அதற்கேற்ற 24 தட்டு. விட்டுவிட்டேன். வெளியே நகல், உள்ளே ராஸ்பெர்ரி பை என்கிற கையகலக் கம்ப்யூட்டர் என்று முடிவானது. ஆனால் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். 24 பாட்டுத்தான். ஒரு காசுக்கு ஒரு பாட்டு. போட்ட பாட்டை நடுவில் நிறுத்தவோ தள்ளவோ பொத்தான் கிடையாது. இந்த மூன்றும் இல்லாவிட்டால் இத்தனை மரமும் செலவழித்துக் கட்டுவது ஒரு பெரிய ப்ளூடூத் ஸ்பீக்கர், அவ்வளவுதான். என் மகள் இதை ஒத்துக்கொள்ளவே இல்லை.

வளைவில்தான் முதல் அடி விழுந்தது. பெட்டியின் அகலம் 75 செ.மீ. அரைவட்டத்துக்கு வேண்டிய நீளம் கிட்டத்தட்ட 118 செ.மீ. 12 மி.மீ. ப்ளைவுட்டின் உள்பக்கம் வரிசையாக 10 மி.மீ. ஆழத்துக்குக் கோடு வெட்டிவிட்டால், மிச்சமிருக்கும் 2 மி.மீ. தோல் வளைந்து கொடுக்கும். வெட்டுகளின் வாய் உள்பக்கமாக மூடிக்கொள்ளும். கணக்குக்குப் பதினாலு வெட்டுப் போதும். ஆனால் அப்படிச் செய்தால் வளைவு வராது, பதினாலு பட்டை வரும். அதனால் மூன்று செ.மீ.க்கு ஒன்றாக நாற்பது வெட்டு.

ஷீட் எட்டடிக்கு நாலடி. நாலடி என்றால் 122 செ.மீ. அடடா, 118 கச்சிதமாகக் குறுக்கே உட்காருகிறதே என்று மிச்சம் பிடிக்கும் புத்தியில் குறுக்கே அறுத்தேன். நாற்பது வெட்டும் போட்டு, வெந்நீர்த் துணி சுற்றி, அச்சில் வைத்து மெல்ல அழுத்தினால் பாதி வளைவில் 'சட்' என்று ஒரு சத்தம். மேல்தோல் நீளமாகப் பிளந்துவிட்டது. அடுத்த வீதி ஆசாரியண்ணனைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"ஏந்தம்பி, ரேகை எக்கட்ட ஓடுதுன்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. ஷீட்டின் முகத்தோலில் மரரேகை எட்டடி நீளத்துக்கு ஓடும். நான் குறுக்கே அறுத்ததால் ரேகையும் வெட்டும் ஒரே திசையில் அமைந்துவிட்டன. விறகு பிளக்கிற மாதிரி ரேகையோடு பிளந்தது. ரேகை வளைவின் நீளத்தோடு ஓட வேண்டும், வெட்டு அதற்குக் குறுக்கே விழ வேண்டும். இரண்டாவது ஷீட்டை நீளவாக்கில் அறுத்தேன். சத்தமில்லாமல் வளைந்தது. வெட்டுகளில் மரத்தூளும் பெவிகாலும் குழைத்து அடைத்து, உள்ளே விலா எலும்பு மாதிரி ஐந்து சட்டம் வைத்து, ஆசாரத்தில் காயப்போட்டிருந்த பவானி ஜமக்காளத்தைச் சுருட்டி மேலே பாரம் வைத்து இரண்டு நாள் விட்டேன். ஜமக்காளத்தில் பெவிகால் பட்டதைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

முன்பக்கக் கம்பி வேலைப்பாடு அசலில் உலோகம். நெகிழியில் அச்சடித்து வெள்ளிப் பெயின்ட் அடிக்கலாம் என்று பலரும் சொன்னார்கள். கோயமுத்தூரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் வீட்டை வைத்துக்கொண்டு அப்படிச் செய்ய மனசு வரவில்லை. பம்பும் மோட்டாரும் கிரைண்டரும் செய்கிற ஊர் அது, அத்தனைக்கும் வார்ப்படம் வேண்டும். அங்கே கணபதி என்கிற பகுதியில் ஒரு சின்னப் பட்டறையில் அலுமினியம் ஊற்றித் தருவதாக ஒத்துக்கொண்டார்கள். தேக்கில் மாதிரி செதுக்கி எடுத்துப்போனேன். பட்டறைக்காரர் மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டேப்பை எடுத்து அளந்தார்.

"உங்களுக்கு வேண்டிய அளவு எவ்வளவுங்க?"

"60 செ.மீ."

"மாதிரியும் 60 இருக்குதே. சுருக்கத்துக்கு எங்க உட்டீங்க?"

உருக்கிய அலுமினியம் ஆறும்போது மீட்டருக்கு 13 மி.மீ. போலச் சுருங்கும். அதனால் மாதிரியை அந்த அளவுக்குப் பெரிதாகச் செதுக்க வேண்டும், 60 செ.மீ.க்கு 8 மி.மீ. கூட. மாதிரி செய்கிறவர்கள் இதற்கென்றே தனி அளவுகோல் வைத்திருக்கிறார்களாம், அதில் ஒரு செ.மீ. என்பது நம் செ.மீ.யைவிடக் கொஞ்சம் எச்சு. திரும்பி வந்து இன்னொரு மாதிரி செதுக்கினேன். மணலில் ஊற்றி எடுத்த வார்ப்பு முதலில் பார்க்கப் பொரிகடலை ஒட்டின மாதிரி இருந்தது. அரம், உப்புத்தாள், துணிச் சக்கரம் என்று நான்கு ஞாயிற்றுக்கிழமை தேய்த்த பிறகு முகம் தெரிந்தது. நிக்கல் முலாம் போட்டால் இன்னும் பளபளக்கும். வேண்டாம் என்று விட்டுவிட்டேன், கையால் தேய்த்த அலுமினியத்தில் ஒரு மங்கல் இருக்கிறது, அது எனக்குப் பிடித்துப்போனது.

பாட்டுக்கு என் பெரிய மாமனிடம்தான் போனேன். எங்கள் பக்கத்தில் யாரும் ஜூக்பாக்ஸைக் கண்ணால் பார்த்ததில்லை. எங்களுக்கு இசைத்தட்டு என்றால் மாமனின் மைக் செட். கல்யாணம், காதுகுத்து, மாரியாத்தா நோம்பி எல்லாவற்றுக்கும் தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, கீழே பெட்டியில் தட்டுப் போடுவார். நான் ஊசி எடுத்துக் கொடுக்கிற எடுபிடி. அவரிடம் 78 சுற்றுத் தட்டு பத்துப் பன்னிரண்டும், சின்னத் தட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறையவும் கிடந்தன. பல நாடுகளில் 78 சுற்று ஒழிந்த பிறகும் இந்தியாவில் 1960களில் அது வந்துகொண்டிருந்தது, பீட்டில்ஸ் பாட்டுகூட இங்கே 78 சுற்றில் வெளியானது. மின்சாரமில்லாத ஊரில் சாவி கொடுத்து ஓட்டுகிற கிராமபோனுக்கு அதுதானே ஆகும்.

சின்னத் தட்டுகளைத் தூசி தட்டி, வடித்த தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு மெல்லத் துடைத்தேன். நன்றாக வந்தன. 78இல் ஒன்று மட்டும் எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது. கம்பெனியில் மெஷின் போர்டு துடைக்க ஸ்பிரிட்தான் வைத்திருப்போம். அதே பழக்கத்தில் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து ஒரு சுற்றுச் சுற்றினேன். பஞ்சு கறுத்தது. சரி, அழுக்குப் போகிறது என்று இன்னொரு சுற்று. இன்னும் கறுத்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் துடைத்த இடத்தில் வரி மழுங்கி, தட்டு ஈரக் களிமண் மாதிரி மினுங்கியது.

அன்றைக்கு ஆசாரியண்ணன் பாலிஷ் போட வந்திருந்தார். டப்பாவில் அரக்குச் செதிலைப் போட்டு ஸ்பிரிட் ஊற்றிக் கலக்கிக்கொண்டிருந்தவர் என் கையிலிருந்த பஞ்சைப் பார்த்து, "அதென்னங்க தம்பி, கருப்புப் பாலிஷா?" என்றார். அப்போதுதான் உறைத்தது. 78 சுற்றுத் தட்டில் கல்தூளையும் கரியையும் பிடித்து வைத்திருப்பதே அரக்குத்தான். ஸ்பிரிட் பட்டால் கரையாமல் என்ன செய்யும்? பிற்காலத்து எல்பி, ஈபி தட்டுகள் வினைல், அவற்றின் கதை வேறு. என் பெட்டியின் மேனியில் ஏறுகிற பளபளப்பும் மாமனின் தட்டும் அரக்குப் பூச்சி என்ற ஒரே பூச்சியின் பிசின் என்று எனக்குத் தெரிந்தது இப்படித்தான். மாமனிடம் இன்னும் சொல்லவில்லை.

78ஐப் பதிவு செய்ய ஊசியும் வேறு. எல்பிக்கான ஊசி மெல்லியது, 78இன் அகலமான வரியில் அது அடியில் போய்க் குப்பையைக் கிளறிக்கொண்டு ஓடும், கரகரப்புத்தான் கேட்கும். முனை 70 மைக்ரான் அளவில் இருக்கிற ஊசி தனியாக வாங்கி மாட்டியதும் குரல் முன்னால் வந்து நின்றது. கம்ப்யூட்டரில் கரகரப்பை வடிகட்டினால் கூடவே வயலினும் போகிறது. லேசாக மட்டும் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

மின்வேலையை நீட்டப் போவதில்லை. 24 வோல்ட் கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையர் போர்டு, எட்டங்குல ஸ்பீக்கர் இரண்டு. ராஸ்பெர்ரி பையின் ஹெட்போன் துளையில் இரைச்சல் இருந்ததால் யூஎஸ்பி சவுண்ட் கார்டு. நிறம் மாறுகிற தூணுக்கு அசலில் வண்ண உருளை சுற்றும். நான் பால் நிற அக்ரிலிக்குக்குப் பின்னால் எல்இடி பட்டை ஒட்டினேன். ஒரு விளக்கு முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர் இழுக்கும், 180 விளக்கு என்றால் பத்து ஆம்பியருக்கு மேல். வெளிச்சத்தை மூன்றில் ஒரு பங்காக்கி, ஆரஞ்சிலிருந்து சிவப்புக்கு ஒரு நிமிடத்தில் மெல்ல நகருகிற மாதிரி வைத்தேன். ஓடுகிற வானவில் வைத்தால் நோம்பிக்குக் கட்டின சீரியல் செட் மாதிரி ஆகிவிடுகிறது. விளக்குக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் ஒரே பவர் சப்ளை கொடுத்திருந்தேன். விளக்கு நிறம் மாறும்போதெல்லாம் ஸ்பீக்கரில் கொசு பாடியது. தனித்தனி சப்ளை கொடுத்ததும் கொசு செத்தது. அடிக்கடி கரண்ட் போய் மெமரி கார்டு இரண்டு முறை கெட்டது. அப்புறம் கார்டில் எதுவும் எழுதாதபடி, படிக்க மட்டும் என்று பூட்டிவிட்டேன்.

காசு வாங்கும் கருவிதான் எனக்குப் பிடித்த பாகம். எந்தக் காசு போடுவது? செல்லுபடியாகும் காசைப் போட்டால் அம்மா பிரசங்கம் செய்வார். அம்மாயி சாகும்போது விட்டுப்போன மஞ்சப்பையில் நாலணாவாக முந்நூற்றுச் சொச்சம் இருந்தது. 2011 ஜூன் 30 முதல் நாலணா செல்லாது என்றபோது யாரும் மாற்றவில்லை. அது இதற்கென்றே காத்திருந்த மாதிரி ஆயிற்று.

கருவிக்குக் காசைப் பழக்க வேண்டும். ஒரே மாதிரிக் காசு இருபதை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் அளவையும் உலோகத்தையும் மனப்பாடம் செய்துகொள்ளும். காண்டாமிருகம் போட்ட நாலணாவைப் போட்டுப் பழக்கினேன். பாதிக் காசை வாங்கிக்கொண்டது, பாதியைத் துப்பியது. துப்பினதைப் பொறுக்கிப் பார்த்தால் எல்லாம் பழைய நாலணா. இரண்டும் 19 மி.மீ.தான். ஆனால் பழையது தாமிர நிக்கல், 2.5 கிராம், காந்தத்தில் ஒட்டாது. காண்டாமிருகம் எவர்சில்வர், 2.83 கிராம், ஒட்டும். இரண்டு காசாகவே சொல்லிக்கொடுத்தேன், இரண்டுக்கும் ஒரு பாட்டு என்று. அடுத்த சிக்கல், 2019க்குப் பிறகு வந்த சின்ன ஒரு ரூபாய். 20 மி.மீ., அதுவும் எவர்சில்வர். ஒரு மி.மீ. வித்தியாசத்தில் நாலணா வேஷம் போட்டு உள்ளே போய்விட்டது. எவ்வளவு வித்தியாசம் வரை ஏற்கலாம் என்கிற அளவை எட்டிலிருந்து மூன்றுக்குக் குறைத்ததும் ரூபாயைத் துப்பியது. தேய்ந்துபோன சில நாலணாவையும் சேர்த்துத் துப்புகிறது, போகட்டும்.

எல்லாம் ஒழுங்காக ஓடிய இரண்டாவது வாரம், காசுப்பெட்டியைத் திறந்து எண்ணினால் பாடின பாட்டு நாற்பத்தேழு, விழுந்த காசு முப்பத்தொன்று. பதினாறு பாட்டு எங்கிருந்து வந்தது? மகளிடம் கேட்டேன். அவள் சமையலறையைப் பார்த்தாள்.

"அப்பா, ஆத்தா கிரைண்டர நிறுத்துனா ஒரு காசு விழுவுது."

அம்மா மாவாட்டி முடித்து சுவிட்சை அணைக்கும் நொடியில் மோட்டாரிலிருந்து கிளம்புகிற உதறல், காசுக் கருவியிலிருந்து வருகிற ஒயரில் தொற்றிக்கொள்கிறது. ராஸ்பெர்ரி பைக்கு அது காசு விழுந்த சைகை. மகள் இதைக் கண்டுபிடித்துவிட்டு, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வெறும் கிரைண்டரைப் போட்டுப் போட்டு அணைத்திருக்கிறாள். நாங்கள் அவள் வீட்டுவேலை பழகுகிறாள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த சைகை ஒயரை நான் 230 வோல்ட் ஒயரோடு சேர்த்துக் கட்டியிருந்தது ஒரு குற்றம். பிரித்து, கவசம் சுற்றின ஒயராக மாற்றினேன். சைகைக் கம்பியை 10 கிலோ ஓம் வழியாக 3.3 வோல்ட்டுக்குக் கட்டி, கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று ஈயம் வைத்தேன். இங்கே 5 வோல்ட்டோ 12 வோல்ட்டோ கொடுத்தால் பை செத்துவிடும், கவனம். கருவியின் சைகையை 100 மில்லி செகண்ட் நீளத்துக்கு வைத்து, 50க்குக் குறைவாக வருகிற எதையும் காசாக எண்ணாதே என்று புரோகிராமில் ஒரு வரி சேர்த்தேன். கிரைண்டரின் உதறல் அதில் நூறில் ஒரு பங்குகூட நீடிப்பதில்லை. இலவசப் பாட்டு நின்றது. மகள் மாவாட்டுவதும் நின்றது.

கடைசியாகக் குமிழிக் குழாய். அசலில் காற்றுப் பம்பு கிடையாது. லேசான சூட்டிலேயே கொதிக்கிற திரவத்தைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, அடியில் சூடேற்றி வைத்திருப்பார்கள். இப்போது வருகிற குமிழி விளக்குகளில் மெத்திலீன் குளோரைடு இருக்கும். அது 40 டிகிரியில் கொதிக்கும். சித்திரை மாதம் எங்கள் ஆசாரத்துக்கே கிட்டத்தட்ட அந்தச் சூடு வந்துவிடும். குழாய் உடைந்தால் மூச்சுக்கு ஆகாத சரக்கு, அதனால் தண்ணீரும் மீன்தொட்டிப் பம்பும் என்று தீர்மானித்தேன். ஒரு மீட்டர் உயர அக்ரிலிக் குழாய் நான்கு, அடியில் காற்றுக்கல். குமிழி தடதடவென்று ஓடியது. கொஞ்சம் கிளிசரின் விட்டதும் நடை தளர்ந்து ஏறியது. முதலில் போர் தண்ணீரை ஊற்றி, ஒரே மாதத்தில் உள்சுவரில் வெள்ளை உப்புப் படிந்தது. இப்போது பேட்டரிக்கு ஊற்றுகிற வடித்த தண்ணீர்.

பம்பைப் பெட்டியின் அடித்தட்டில் வைத்திருந்தேன். ஒரு ராத்திரி எட்டரைக்குக் கரண்ட் போனது. காற்று நின்றதும் நான்கு குழாயின் தண்ணீரும் காற்றுக்குழல் வழியே கீழிறங்கி, பம்பை நிரப்பி, ஒண்ணரை லிட்டர் போல அடித்தட்டில் பரவி, பவர் சப்ளையைத் தொட்டுக்கொண்டு நின்றது. டார்ச் அடித்துக் குழாயைப் பார்த்த மகள், "தண்ணியக் காணோம்" என்றாள். கரண்ட் வருவதற்குள் பிளக்கைப் பிடுங்கியதால் தப்பித்தோம். மீன் வளர்க்கிறவர்களுக்கு இது பாலபாடம். பம்பு எப்போதும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குழலில் ஒருவழி வால்வு வேண்டும். நான் இரண்டையும் செய்தேன். பம்பு இப்போது வளைவுக்குள் தொங்குகிறது, குழல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு. பவர் சப்ளை அடித்தட்டிலிருந்து ஓரடி மேலே சுவரில் ஏறிவிட்டது.

போன நோம்பிக்கு மாமன் வந்திருந்தார். காசு போட்டு 11ஐ அமுக்கினார். பாட்டு பாதியில் ஒரு இடத்தில் தத்தி, ஒரு சொல்லை இரண்டு முறை பாடிவிட்டுத் தாண்டிப் போகும். அதைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டிவிடலாம் என்று மகள் சொல்லியும் நான் விட்டுவைத்திருந்தேன். தத்தின இடம் வந்ததும் மாமன் நிமிர்ந்தார்.

"மாப்ள, இது சேவூர்ல ஒரு கல்யாணத்துல விழுந்த கீறலு. பந்தக்கால் சாஞ்சு பொட்டி மேல உளுந்துச்சு. மாப்பிள்ளை ஊட்டுக்காரரு காசே குடுக்கல."

காசு தராத அந்த ஆளைப் பாட்டு முடிகிற வரைக்கும் திட்டினார். நிறுத்தப் பொத்தான் இல்லாததால் பாட்டும் முடிகிற வரைக்கும் ஓடியது.

மூன்றாவது குழாயில் மட்டும் குமிழி இன்னும் சோம்பலாகத்தான் ஏறுகிறது. வால்வில் ஏதோ அடைப்பு. பின்கதவைத் திறந்து மாற்ற வேண்டும். சாவி அம்மாவிடம் இருக்கிறது. காசுப்பெட்டிக்கும் அதே சாவி என்பதால் யாரிடமும் கொடுப்பதில்லை, ராத்திரி தானே திறந்து எண்ணி, ஆளுக்கு ஐந்து நாலணா மறுநாளைக்கு எடுத்து வைக்கிறார்.